மூன்றடி மண்

மகாபலிச் சக்கரவர்த்தியிடம் வந்து மூன்றடி மண் கேட்ட வாமனனைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். கேட்டவன் குள்ளன், கேட்டதும் கொஞ்சம். கொடுக்கிறவனுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. சுக்கிராசாரியார் மட்டும், 'வேண்டாம், யோசித்துச் செய்' என்று தடுத்துப் பார்த்தார். எடுபடவில்லை. பிறகு என்ன நடந்தது என்பதைப் பாட்டியிடம் கதை கேட்ட எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

சென்ற மாசி மாதம் என்னிடமும் ஒருவர் மூன்றடி மண் கேட்டார்.

நான் சக்கரவர்த்தி இல்லை. விருதுநகரின் எல்லையில் ஒரு வீடும், சிவகாசியைத் தாண்டி வெம்பக்கோட்டைப் பக்கம் பூர்விக கிராமத்தில் மூன்று குறுக்கம் புஞ்சையில் சரிபாதிப் பங்கும் உள்ள ஒரு கதாசிரியன். கேட்டவரும் குள்ளர் இல்லை. ஆறடி ஆகிருதி, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன்கள். அவர் கேட்டதும் நீளவாக்கில் மூன்றடி அல்ல, ஆழவாக்கில் மூன்றடி. புஞ்சை முழுவதிலும் மேலாக இருக்கிற மூன்றடி மண்ணை வழித்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"நிலம் உங்க நிலமாவே இருக்கும் சார். பட்டா மாறாது, எல்லைக்கல் நகராது. மேல கெடக்குற மண்ண மட்டும் எடுத்துக்கிறேன். பர்மிஷன் வாங்குறதெல்லாம் என் பொறுப்பு. அந்தக் கருவேல மரத்த வேற சும்மாவே புடுங்கிப் போட்டிருவேன்."

கூடவே அவர் சொன்ன தொகை, ஒரு நாவல் எழுதி நான் சம்பாதிப்பதைவிட அதிகம் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரப்போகும் நியாயங்களையெல்லாம் வாசகர்கள் அந்தத் தொகையையும் மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

புஞ்சை கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. என் தகப்பனாரும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொள்ளாமலே காலமாகிவிட்டார்கள். இப்போது நானும் சித்தப்பா மகனும் பங்காளிகள். தம்பி ஊரிலேயே இருக்கிறான். பட்டாசு ஆபீசில் வேலை. அவன் சம்மதித்துவிட்டான். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் காண்ட்ராக்டர் வீடு தேடி வந்திருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. அந்தப் புஞ்சையில் ஏர் இறங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சீமைக்கருவேல் முளைத்து, மனிதன் நுழைய முடியாமல் மண்டிக் கிடக்கிறது. வருமானம் என்று ஒரு காசு வந்ததில்லை. மேல் மண்ணை எடுத்துக்கொண்டு போனால்தான் என்ன? கீழேயும் மண்தானே இருக்கப் போகிறது? பூமியில் மண்ணுக்கா பஞ்சம்?

இந்தக் கடைசிக் கேள்வி என்னை உறுத்தியது. மண் என்றால் என்ன என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. மண்வாசனை என்று எழுதியிருக்கிறேன். மண்ணின் மைந்தர்கள் என்று எழுதியிருக்கிறேன். மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காண்ட்ராக்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

மறுநாளே ஊருக்குப் புறப்பட்டேன். சிவகாசியில் பஸ் மாறி அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தால், ஊர்ப் பெயர்களிலேயே ஒரு சங்கதி தெரியும். செவல்பட்டி என்று ஓர் ஊர். விஜயகரிசல்குளம் என்று ஓர் ஊர். செவல் என்றால் செம்மண். கரிசல் என்றால் கறுப்பு மண். ராஜாக்களின் பெயரையும் சாமிகளின் பெயரையும் ஊருக்கு வைத்தது போலவே மண்ணின் பெயரையும் வைத்திருக்கிறார்கள் எங்கள் முன்னோர். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில், 'காடு கரிசலா, செவலா?' என்று கேட்டுவிட்டுத்தான் பையனைப் பற்றி விசாரிப்பார்கள் என்று என் பாட்டி சொல்லுவாள்.

எங்களுடையது செவக்காடு. கம்பும் துவரையும் நிலக்கடலையும் விளைந்த இடம். அதற்கு அடுத்த புஞ்சையில் போன வருஷமே மண் எடுத்துவிட்டார்கள். கிணறு தோண்டப் புறப்பட்டுப் பாதியில் மனம் மாறிப் போனவர்கள் விட்டுச் சென்றது போல ஒரு பெரிய பள்ளம். நான் அதற்குள் இறங்கினேன். பள்ளத்தின் சுவர் என் இடுப்புக்கு மேல் நின்றது.

கத்தியால் வெட்டிய பலகாரத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல, அந்தச் சுவரில் மண்ணின் அடுக்குகள் தெரிந்தன. மேலே ஓர் அரையடிக்கு மண் கொஞ்சம் கறுத்து, பொலபொலவென்று, சல்லி வேர்களும் எறும்புப் புற்றுகளுமாக இருந்தது. அதற்குக் கீழே நல்ல சிவப்பு, வேர்கள் குறைவு. அதற்கும் கீழே சரளைக் கல். அங்கங்கே ஒரு தடித்த கருவேல வேர் மட்டும் இறங்கியிருந்தது. பள்ளத்தின் அடியில் வெறும் சரளை. மார்கழி மழையில் தேங்கி வற்றிய தண்ணீர் வெள்ளையாகக் கறை வைத்திருந்தது. ஒரு புல்கூட இல்லை. மூன்றே அடி கீழே இறங்கியதில் நான் வேறொரு தேசத்துக்கு வந்துவிட்டேன்.

'கீழேயும் மண்தானே இருக்கும்' என்ற என் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. இல்லை. கீழே இருப்பது மண் அல்ல. மண்ணாக இன்னும் ஆகாத ஏதோ ஒன்று.

விருதுநகருக்குத் திரும்பியதும், விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ரசாயனம் என்றால் இன்றைக்கும் பயம். எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

பாறை வெயிலிலும் மழையிலும் நொறுங்குகிறது. நொறுங்கின பொடி மட்டும் மண் ஆகிவிடாது. அதன்மேல் ஏதோ ஒரு பூண்டு முளைத்து, மடிந்து, மக்க வேண்டும். மக்க வைப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவராசிகள் வேண்டும். நல்ல மண்ணில் பாதி இடந்தான் கல்பொடி. மற்றப் பாதி காற்றும் தண்ணீரும். மக்கு என்பது நூற்றில் ஐந்து பங்கு இருந்தால் அதிகம்; எங்கள் மானாவாரிக் காடுகளில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சொற்பந்தான் மற்றதையெல்லாம் மண்ணாக நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு மேஜைக் கரண்டி மண்ணில் இருக்கிற உயிர்களின் எண்ணிக்கை, உலகத்து ஜனத்தொகையைவிட அதிகம்.

"ரெண்டு மூணு சென்டிமீட்டர் மண் உண்டாக ஆயிரம் வருஷம் வரை ஆகலாம்னு ஐக்கிய நாடுகளோட உணவு விவசாய ஸ்தாபனம் சொல்லுது. இடத்துக்கு இடம் மாறும். ஆனா நம்ம ஆயுசுக்குள்ள ஆகிற காரியம் இல்ல" என்றார் நண்பர்.

நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்த காலம் தொட்டு இன்றுவரை, ஈராயிரம் வருஷம், இயற்கை ஓயாமல் வேலை செய்து சேர்த்தது சுமார் இரண்டு அங்குலம். அந்தப் பள்ளத்தின் சுவரில் நான் பார்த்த கறுத்த அரையடி, ஐயாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு. அதை மண் அள்ளும் இயந்திரம் ஒரு பிற்பகலில் வழித்து லாரியில் போட்டுவிடும். காண்ட்ராக்டர் சொன்ன தொகை அதற்கு மேல் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

விஜயகரிசல்குளத்தில் வைப்பாற்றங்கரையில் மேட்டுக்காடு என்று ஒரு மேடு இருக்கிறது. அங்கே 2022-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் மணிகளும் எடுத்தது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். சதுரக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு சிறு கரண்டியால் சுரண்டி, தூரிகையால் துடைத்து, ஒவ்வோர் அடுக்காக எழுதி வைத்துக்கொண்டு தோண்டினார்கள். ஓர் அடுக்கு கலைந்தால் ஒரு காலம் கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே வட்டாரத்தில், அந்த வளையல்களுக்கெல்லாம் மூத்த ஒன்றை நாங்கள் லோடு கணக்கில் விலை பேசிக்கொண்டிருந்தோம்.

"அது சரி, இந்த மண்ணை எடுத்து அந்த மனிதர் என்னதான் செய்யப் போகிறார்?" என்று நண்பரிடம் கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் என் வீட்டுத் தரையைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுறப்ப எத்தனை லோடு செம்மண் அடிச்சீங்க?"

இதை விளக்க வேண்டுமானால் கரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிசல் என்பது களிமண் ஜாதி. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மழைக் காலத்தில் காலை வைத்தால் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வாய் பிளந்து நிற்கும். மேல் மண் அந்த வெடிப்புகளுக்குள் உதிரும். மழை பெய்ததும் உள்ளே விழுந்தது உப்பி, அடி மண்ணை மேலே தள்ளும். தன்னைத் தானே உழுதுகொள்கிற மண் அது. ஐப்பசி கார்த்திகையில் குடித்த தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு, தை மாசி வரையில் பருத்தியையும் சோளத்தையும் காப்பாற்றும். விவசாயிக்கு அது தாய். ஆனால் வீடு கட்டுகிறவனுக்கு அது எமன். இன்றைக்குக் கட்டிய சுவர் இரண்டு கோடையில் குறுக்கே விரிந்துவிடும். ஆகையால் கரிசலில் மனை வாங்குகிறவர்கள் கறுப்பு மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, செவக்காடுகளிலிருந்து செம்மண்ணும் சரளையும் கொண்டுவந்து நிரப்புகிறார்கள்.

விருதுநகரின் எல்லையில் என் மனையும் கரிசல்தான். பத்து வருஷத்துக்கு முன் கொத்தனார் சொன்னபடி நானும் நிரப்பினேன். முப்பது லோடோ முப்பத்தைந்தோ ஞாபகம் இல்லை. அது எந்த ஊர் மண், யாருடைய காடு என்று நான் கேட்கவும் இல்லை. என் தோட்டத்தில் ஒரு ரோஜாச் செடி பிரமாதமாகப் பூக்கிறது என்று நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். யாரோ ஒருவருடைய ஐயாயிரம் வருஷத்தில் அது பூத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊருக்குப் போனேன். இந்தத் தடவை தம்பியிடம் பேசுவதற்காக. தெரிந்துகொண்டதையெல்லாம், ஒரு நல்ல கதையைச் சொல்வது போல, உற்சாகமாகவே அவனுக்குச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, நீங்க சொல்றது அம்புட்டும் நெசம். ஆனா அந்த மண்ணு எங்களுக்குச் சோறு போடல. மருந்துதான் போட்டுச்சு. அய்யா அந்தக் காட்டுல கெடந்து கடன்தான் வச்சாரு. ஆத்தா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயித்தான் என்னைய வளத்தா. இப்ப பாப்பா மதுரையில நர்ஸ் படிப்பு ரெண்டாவது வருசம். பீஸ் கட்டணும். ஐயாயிரம் வருசம்னு சொல்றீங்க. எனக்கு ஆனி மாசந்தாண்ணே கெடு."

எனக்கு நாக்கு எழவில்லை.

தம்பி சொன்னது எங்கள் சீமையின் சரித்திரம். வானம் பார்த்த பூமி. மழை தப்பினால் வெள்ளாமை தப்பும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். எந்த வறண்ட காற்று பயிரைக் கருக்கியதோ, அதே காற்று தீக்குச்சியையும் காகிதத்தையும் ஈரம் தட்டாமல் காப்பாற்றியது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. மண் கைவிட்ட ஜனங்களை மருந்து தூக்கி நிறுத்தியது. அந்தக் குடும்பங்களில் ஒன்றிடம் போய், 'மண்ணைக் காப்பாற்று' என்று சொல்ல, மாதச் சம்பளக்காரர்கள் மத்தியில் நிழலில் உட்கார்ந்து கதை எழுதுகிற எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் 'மண்ணா, மருந்தா' என்று எதிரெதிராக வைக்கிற பேச்சிலேயே ஒரு பிசகு இருக்கிறது என்று பிறகு எனக்குத் தோன்றியது. பழைய காலத்தில் வெடியுப்பு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்துதான். மாட்டுத் தொழுவத்து மண்ணையும் பழஞ்சுவர் ஓரத்து மண்ணையும் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக அதை ஏற்றிக்கொண்டு போய்த்தான் பீரங்கிக்கு மருந்து இடித்தது. பயிரை வளர்க்கிற அதே தழைச்சத்துத்தான் குழாய்க்குள் அடைத்துத் திரி வைத்தால் வெடிக்கிறது. 1913-இல் ஜெர்மனியில் காற்றிலிருந்தே அந்தச் சத்தை இறக்குகிற ஆலையைத் தொடங்கினார்கள். அது வயலுக்கு உரமாகவும் போயிற்று, மறு வருஷம் மூண்ட யுத்தத்துக்குக் குண்டாகவும் போயிற்று. இரண்டும் ஒரே சத்துத்தான். மண் அதை மெல்ல மெல்லக் கொடுக்கிறது. மருந்து ஒரே நொடியில் கொடுத்துவிடுகிறது. கொடுத்த பிறகு மண் மிச்சம் இருக்கிறது. மருந்தில் மிஞ்சுவது புகை.

மருந்துத் தொழிலும் சாசுவதம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று சொன்னபோது எத்தனை வீடுகளில் அடுப்பைப் பற்றிய கவலை வந்தது என்பது தம்பிக்குத் தெரியாததல்ல. நாளைக்கு அந்த வேலையும் நின்றால், திரும்பிப் போய் நிற்பதற்கு மூன்று குறுக்கம் வேண்டாமா? சரளைப் பள்ளத்தில் நின்றுகொண்டு எதை விதைப்பது?

விருதுநகருக்கு வடமேற்கே இருக்கிற தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். பிற்பாடு காந்தியடிகளோடு சேர்ந்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, மகாத்மா மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார். சிறையில் இருந்தபோது அவர் எழுதி 1945-இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய புத்தகத்தில், எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற செல்வம் வேறு, எடுத்தாலும் தழைக்கிற செல்வம் வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். கணக்குப் பிள்ளையின் கண் அது. வட்டியைச் சாப்பிடுகிறவன் சம்சாரி. முதலையே சாப்பிடுகிறவன் ஊதாரி. கம்பும் கடலையும் மண்ணின் வட்டி. மூன்றடியும் முதல்.

நாம் சொத்து என்று சொல்வதெல்லாம் ஒரே தினுசு அல்ல. வீடு நாம் கட்டியது. இடிந்தால் மறுபடி கட்டலாம். நகை நாம் செய்தது. அடகு வைத்தால் மீட்கலாம். விற்றாலும் வேறொன்று வாங்கலாம். மண் நாம் செய்தது அல்ல, செய்யவும் முடியாது, போனால் மீட்கவும் முடியாது. ஒருவன் தான் செய்யாததை, தன்னால் திருப்பித் தர முடியாததை, 'என்னுடையது' என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறான்? சட்டம் மண்ணைச் 'சிறு கனிமம்' என்ற கணக்கில் வைத்திருக்கிறது; சொந்தப் பட்டாவிலிருந்து எடுத்து விற்பதற்கும் அனுமதி வாங்கி, சர்க்காருக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் சர்க்காருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இழப்பு யாருக்கோ, அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஏனென்றால் அவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

என் கையெழுத்து இல்லாமல் அந்தப் புஞ்சையில் கை வைக்க முடியாது என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும். கூட்டுப் பட்டாவின் நியாயம் அது: பங்காளி ஒருவன் சம்மதிக்காத வரையில் மற்றவன் முழுவதையும் அழிக்க முடியாது. நான் யோசித்தது இதுதான். எல்லா மண்ணும் கூட்டுப் பட்டாதான். அதில் என் தாத்தாவுக்குப் பங்கு உண்டு. தம்பி மகளின் பேரனுக்கும் பங்கு உண்டு. முன்னவர் வந்து கையெழுத்துப் போட முடியாது. பின்னவரும் வந்து மறுக்க முடியாது. நடுவில் உயிரோடு இருக்கிற இரண்டு பேர், பேனாவைப் பிடிக்க முடிகிற ஒரே காரணத்தால், முழுச் சொத்தையும் விற்றுவிடுவது பங்காளித் துரோகம். மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான்.

இப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதை ஏற்பட்டது. அது நெடுநேரம் நிற்கவில்லை. 'எனக்கு ஆனி மாசந்தாண்ணே கெடு' என்று தம்பி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறக்கப் போகிற குழந்தைக்கு நியாயம் செய்வதற்காக, பிறந்து வளர்ந்து படித்துக்கொண்டிருக்கிற பெண்ணின் படிப்பை நிறுத்துவதா? நான் மறுத்தால் எனக்கு நஷ்டம் ஒரு தொகை. அவனுக்கு நஷ்டம் மகளின் வாழ்க்கை. தர்மத்தை ஒருவன் சொல்ல, அதன் செலவை இன்னொருவன் சுமக்க வேண்டும் என்றால், அதற்குத் தர்மம் என்று பெயர் இல்லை. பட்டணத்துக்காரர்கள் கிராமத்துக்கு உபதேசம் செய்கிற போதெல்லாம் இந்தத் தவறுதான் நடக்கிறது.

அமெரிக்க தேசம் இதை ஒரு பெரிய அடி பட்ட பிறகு தெரிந்துகொண்டது. நடுச் சமவெளிகளில் இருந்த புல்வெளியையெல்லாம் கோதுமைக்காக உழுது போட்டார்கள். 1930-களில் மழை பொய்த்தது. பிடித்து வைக்கப் புல் இல்லாமல், மண் காற்றோடு எழுந்து போய்விட்டது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி பகலில் இருட்டைக் கொண்டுவந்த புழுதிப் புயலின் காரணமாக அந்த நாளையே 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். அதே வருஷம் மண்ணைப் பாதுகாக்கவென்றே ஓர் இலாகா ஏற்பட்டது. அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் செய்தார்கள்: மண்ணை அரிக்கிற பயிரை விட்டுவிட்டு, மண்ணைத் தேற்றுகிற பயிரை வைக்கிற விவசாயிக்குச் சர்க்கார் பணம் கொடுக்கும். 'மண்ணைக் காப்பாற்று' என்று சொன்னதோடு நிற்காமல், காப்பாற்றுகிறவனின் நஷ்டத்தில் ஊரார் பங்கெடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதி.

ஆகையால் தம்பியிடம் மறுபடியும் போனேன். பாப்பாவின் படிப்பு முடிகிற வரையில் பீஸ் என் பொறுப்பு. பதிலுக்குப் புஞ்சையில் யாரும் மண் எடுக்கக் கூடாது என்றேன். இது தானம் அல்ல. என் வீட்டுக்கு அடியில் யாரோ ஒருவருடைய காடு கிடக்கிறது. அந்தப் பாக்கியில் ஒரு சிறு பகுதி என்றும் சொன்னேன். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அண்ணனிடம் கை நீட்டுவது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. மதினி என்று என் மனைவியை அழைக்கிற அந்த வீட்டுக்காரி, "பெரியவுக சொல்றத கேளுங்களேன்" என்றாள். கடைசியில் தலையை ஆட்டினான்.

கருவேலை நாங்களே ஆள் வைத்துத் தூரோடு எடுத்தோம். விறகு விற்றதில் கூலி சரிக்கட்டியது. சரிவுக்குக் குறுக்கே வரப்பை உயர்த்தி, கோடை மழையில் ஓர் உழவு போட்டோம். ஆடுகளைக் கொண்டுவந்து பத்து ராத்திரி கிடை அமர்த்தினோம். கண்மாய் வறண்டு கிடந்தது. கரம்பை அள்ளிக் கொட்டினோம். எங்கள் தாத்தா காலத்தில் கோடைதோறும் வண்டி கட்டிக் கண்மாய்க் கரம்பையைப் புஞ்சைக்கு அடிப்பார்கள். மழையில் அடித்துக்கொண்டு போன மேல் மண்ணை, கண்மாய் ஓர் உண்டியலைப் போலச் சேர்த்து வைத்திருக்கும். கோடையில் அது உரியவனிடமே திரும்பி வரும். நடுவில் எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் அற்றுப்போயிற்று. 2017-இல் வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சர்க்காரே வழி செய்தது. எங்களுக்கு அது பயன்பட்டது.

இதனால் மண் பிழைத்துவிட்டது என்று நான் மார்தட்டவில்லை. காண்ட்ராக்டர் வேறொரு புஞ்சைக்குப் போனார். எங்கள் மூன்று குறுக்கம் தப்பியது. யாரோ ஒருவருடையது போயிற்று. என் வீட்டுக்கு எதிரே புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். சாயங்காலம் நான் எழுத உட்காரும் நேரத்தில் செம்மண் ஏற்றிய லாரிகள் வரிசையாக வருகின்றன. வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்கள்தான். கடன் வாங்கி, கனவு கண்டு, கட்டுகிறவர்கள். அவர்களிடம் போய், 'இது எந்த ஊர் மண் என்று கேட்டீர்களா?' என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

மகாபலியின் கதையில் வாமனன் யாரென்பது சுக்கிராசாரியாருக்கு மட்டும் முதலிலேயே தெரிந்திருந்தது. எங்களிடம் மூன்றடி கேட்டு வந்தவரை நான் ரொம்ப நாள் அந்தக் காண்ட்ராக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தூதர்தான். கேட்டவன் பத்து வருஷத்துக்கு முன் வீடு கட்டிய நான்.

ஐப்பசியில் மழை பிந்தாமல் பெய்தது. கம்பு விதைத்து, ஊடே துவரையும் போட்டிருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். மயிலும் காட்டுப்பன்றியும் தின்றது போக மிஞ்சினால் ஆளுக்குப் பாதி என்றான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, மூணடியும் அப்படியேதான் கெடக்கு. ஒரு பிடி போகல. ஆனா அடுத்த ஆனிக்கும் பீஸ் உண்டு, மறந்துராதீங்க."

மறக்கவில்லை. இந்தக் கட்டுரைக்குப் பத்திரிகைக்காரர்கள் தரப்போகும் சன்மானத்தை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.